சோர்வு என்று சொன்னேன்

பெங்களூர் நீலசந்திராவில் நான் இருப்பது ஒரு மாடி அறை. கீழ்வீட்டில் சரசக்கா. அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. கணவர் இறந்து பல வருடமாகிறது. ஒரே மகன் பரத், ஏசி பழுது பார்க்கிறான். தெருவே அவளை சரசக்கா என்றுதான் கூப்பிடும். எனக்கு அம்மா வயது என்றாலும் நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன்.

நான் விலங்கியலில் பட்டம் வாங்கியவள். கிருஷ்ணகிரியிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. வைட்ஃபீல்டில் மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலிருந்து நோயாளிகளின் குறிப்புகள் கணினிக்கு வரும். டாக்டர் எழுதியதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய எண்ணைப் போட வேண்டும். சர்க்கரை நோய்க்கு ஒன்று, பித்தப்பைக் கல்லுக்கு ஒன்று. நாள் முழுக்க யாரோடும் பேச வேண்டாம். எனக்கு இந்த வேலை பிடித்ததற்கு அதுதான் காரணம்.

“நீ ஆட்டோக்காரன்கிட்ட எங்க போவணும்னு சொல்றதுக்குள்ள அவன் வேற சவாரி ஏத்திக்கினு போய்டுவான்” என்று சரசக்கா என்னைக் கேலி செய்வாள். ஆனால் மெடிக்கல் என்ற சொல்மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. தெருவில் பலருக்கும் இருந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு படியேறி வருவார்கள். கிரியாட்டினின் ஏறியிருந்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும், டி.எஸ்.எச். ஏறியிருந்தால் தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை என்றெல்லாம் தாளைப் பார்த்தபடியே சொல்வேன். ஆளைப் பார்க்காமல் பேசும்போது கூச்சம் குறைவு.

டிசம்பரில் ஒரு ஞாயிறு. மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அக்கா வாளியோடு வந்தாள். ஒரு உள்பாவாடையை மட்டும், போர்வைக்குப் பின்னால் மறைவாக இருந்த கொடியில் போட்டாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“எனக்கு எல்லாம் நின்னு நாலு வருசம் ஆவுது கண்ணு. இப்போ மறுபடியும் படுது.”

தீபாவளிக்கு முன்பிருந்து என்றாள். சில நாள் துளி, சில நாள் துணி வைக்கும் அளவுக்கு. உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறாள். கூட வேலை செய்யும் ஆஞ்சலா, உனக்கு வயசு திரும்புது, மாப்பிள்ளை பார்க்கலாமா என்று கேட்டாளாம். அதைச் சொல்லும்போது அக்காவும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் எண் எனக்குத் தெரியும். N95.0. மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு வரும் ரத்தப்போக்கு. பெரும்பாலும் கருப்பையின் உட்சுவர் மெலிந்துபோவதால் வரும், அல்லது சிறிய சதை வளர்ச்சியால். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் புற்றுநோயால். அதனால் ஒரே ஒரு முறை வந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வாரத்துக்கு நான்கைந்து முறை இந்த எண்ணைத் தட்டுகிறேன்.

உடனே டாக்டரிடம் போகலாம் என்றேன். தெருமுனை கிளினிக்கில் இருப்பவர் நாகேஷ் என்ற இளம் டாக்டர், கன்னடக்காரர். அக்கா பெங்களூரிலேயே பிறந்தவள். கன்னடத்தில் என்னைவிட நூறு மடங்கு நன்றாகப் பேசுவாள். அவளே சொல்லலாமே என்றேன்.

“அத எப்படிக் கன்னடத்துல சொல்றது? தமிழ்லயும் ஆவாது. நீ இங்கிலீஷ்ல சொல்லிடு. இங்கிலீஷ்ல சொன்னா அசிங்கமா இருக்காது.”

அவள் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. பள்ளியில் இனப்பெருக்கப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளும்படி டீச்சர் சொல்லிவிட்டார். கல்லூரியில் ஆங்கிலத்தில் நடத்தியபோதுதான் அந்த உறுப்புகளின் பெயர்களை ஒருவர் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டேன். அந்தப் படத்தை ரெக்கார்டு நோட்டில் வரைந்து பத்துக்குப் பத்து வாங்கினேன்.

கிளினிக்கில் ஒரு வழக்கம். ஒருவரைப் பார்க்கும்போதே அடுத்த டோக்கன்காரரை உள்ளே கூப்பிட்டு பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார்கள். நேரம் மிச்சம். நாங்கள் போன அன்றைக்கு எங்களுக்கு அடுத்த டோக்கன் பால் கடை ரகு. காலில் கட்டு. தினமும் காலையில் நான் பால் வாங்குவது அவரிடம்தான். எங்களைப் பார்த்து, என்ன சரசக்கா, ஆளே வாடிப்போய்ட்டே என்றார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இனி என் பொறுப்பு.

டாக்டர் என்னைப் பார்த்தார். முழு வாக்கியத்தையும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். ஷீ ஹேஸ் என்று ஆரம்பித்தேன். ரகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதுபோல் இருந்தார். என் காதுகள் சுட்டன.

“வீக்னெஸ், டாக்டர்.”

அவர் அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருக்கிறது என்றார். வயதைக் கேட்டார், மாதவிடாய் நின்றுவிட்டதா என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான்கு வருடம் என்று முணுமுணுத்தேன். அவர் நல்ல டாக்டர். கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“எனி பிளீடிங்?”

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை மூன்று மாதத்துக்கு எழுதிக்கொடுத்தார். கீரை, பேரீச்சம்பழம், முட்டை சாப்பிடச் சொன்னார். ரத்தம் எங்கே போகிறது என்று தெரியாத ஒருவர் வேறென்ன எழுத முடியும்? N95.0-வை நான் R53.83 ஆக்கிவிட்டேன். சோர்வு. அலுவலகத்தில் இப்படிச் செய்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வேன்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்கா.”

நாளைக்கே தனியாகப் போய் டாக்டரிடம் சரியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. அதற்கு மறுநாள் கிளினிக் வாசல்வரை போனேன். உள்ளே நான்கு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து மருந்துக் கடையில் எதையோ வாங்குவதுபோல் நின்றுவிட்டுத் திரும்பினேன். அதற்குப் பிறகு, இப்போது போய்ச் சொன்னால் அன்றைக்கு ஏன் இல்லை என்றாய் எனக் கேட்பாரே என்ற பயம் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியது ஒன்று கூடியது.

அக்கா மாத்திரையை ஒரு நாளும் தவறவிடவில்லை. அது ரத்தப்போக்கை நிறுத்தும் மாத்திரை என்றுதான் நம்பியிருந்தாள். எனக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினாள். டாக்டர்கிட்ட எனக்காகப் பேசின பொண்ணு என்று ஆஞ்சலாவிடம் என்னை அறிமுகப்படுத்தினாள். டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். ஒருமுறை, மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயந்து மேலே வந்தாள். இரும்புச்சத்து முழுவதையும் உடம்பு எடுத்துக்கொள்ளாது, மீதி இப்படித்தான் வெளியேறும், பயமில்லை என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். தெளிவாக, தைரியமாக. அவள் நிம்மதியாகக் கீழே போனாள். அந்த மற்ற விஷயத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

மார்ச் மாதம் ஒரு மதியம் என் திரைக்கு ஒரு பெண்ணின் குறிப்பு வந்தது. ஐம்பத்தாறு வயது. N95.0. நோயாளி ஏழு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை என்று டாக்டர் ஒரு வரி எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய், C54.1. நுரையீரலுக்குப் பரவியது, C78.00. இரண்டு எண்களையும் போட்டேன். சரிபார்த்தேன். அடுத்த குறிப்பைத் திறக்க முடியவில்லை. தீபாவளி முதல் மார்ச் வரை விரல்விட்டு எண்ணினேன். ஐந்து மாதம். அதில் மூன்று என்னுடையது.

மறுநாள் காலையில் குழாயடியில் அக்காவிடம் கேட்டேன். இன்னும் படுகிறதா?

“நிக்குது, வருது. போன வாரம் கொஞ்சம் ஜாஸ்தி. மாத்திரை முடியட்டும்னு இருக்கேன்.”

ஒரு பெண் டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். இந்த டாக்டரே நல்லாத்தானே பார்க்கிறார் என்றாள். பார்க்கலாம் அக்கா, தயவு செய்து என்றேன். நான் அப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. சரி என்றாள்.

சனிக்கிழமை போனோம். டாக்டர் பார்கவி நடுத்தர வயதுக்காரர். கன்னடக்காரர் என்றாலும் தமிழ் பேசுவார். அறைக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே நாங்கள் மூன்று பேரும் பெண்கள். அக்கா வழக்கம்போல் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். எப்போது நின்றது, எப்போது மறுபடி ஆரம்பித்தது, எத்தனை நாள், எவ்வளவு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

டாக்டர் பழைய சீட்டை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. டிசம்பரிலேயே டாக்டர் நாகேஷிடம் காட்டியிருக்கிறீர்களே, ரத்தப்போக்கைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டார்.

சரசக்கா கன்னடத்தில் முந்திக்கொண்டாள். “ஹேளித்வி டாக்ட்ரே. ஈ ஹுடுகினே இங்லீஷ்னல்லி ஹேளித்ளு.” சொன்னோம், இந்தப் பொண்ணுதான் இங்கிலீஷில் சொன்னாள் என்று. சொல்லும்போது என் தோளைத் தொட்டாள். பெருமையாக.

“சொல்லியும் வெறும் அயர்ன் மாத்திரை மட்டும் குடுத்தாரா?” டாக்டர் போனைக் கையில் எடுத்தார். “நாகேஷ் நம்ம காலேஜ் ஜூனியர். அவருகிட்ட இப்பவே கேக்கிறேன்.”

அவர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். நாகேஷ் மறுத்திருப்பார், இவர் நம்பியிருக்க மாட்டார். ஒரு விநாடி அப்படித்தான் நினைத்தேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

“நான் சொல்லல, டாக்டர்.”

நான் மேசையைப் பார்த்தபடி மிச்சத்தையும் சொன்னேன். டாக்டர் நாகேஷ் ரத்தப்போக்கு உண்டா என்று கேட்டார், நான் இல்லை என்று தலையாட்டினேன், பெஞ்சில் தெரிந்த ஆள் உட்கார்ந்திருந்தார். தமிழில் சொன்னேன், அக்காவுக்கு ஒரு சொல்லும் விட்டுப்போகாமல். டாக்டர் போனைக் கவிழ்த்து வைத்தார். அக்காவின் கை என் தோளில் இல்லை. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

அக்கா கேட்டாள். “அப்போ அன்னிக்கு என்னதான் சொன்னே?”

“சோர்வுன்னு சொன்னேன்கா.”

“சோர்வா.” அவள் என்னைப் பார்க்காமல் டாக்டரிடம் சொன்னாள். “வாய் இல்லாததுக்கு வக்கீல் வேலை குடுத்திருக்கேன் பாருங்க.”

டாக்டர் சிரிக்கவில்லை. நான் அழவில்லை. அழுதால் அக்கா என்னைத் தேற்ற வேண்டிவரும்.

அதன்பின் டாக்டரிடம் அக்காவே கன்னடத்தில் பேசினாள். எப்போதிலிருந்து, எவ்வளவு, எந்த நிறம். எங்கேயும் நிறுத்தவில்லை. ஸ்கேன் செய்யும்போது என்னை வெளியே இருக்கச் சொன்னாள். அந்த வயதில் கருப்பை உட்சுவரின் தடிமன் நான்கு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அவளுக்குப் பதினான்கு. மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, உட்சுவரிலிருந்து துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வலித்ததா என்று ஆட்டோவில் கேட்டேன். அவள் டிரைவரிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. C54.1. பரவியிருக்கிறதா என்று ஒரு பெரிய ஸ்கேனும் எடுத்தார்கள். கருப்பைக்குள்ளேயே இருப்பதுபோல்தான் தெரிகிறது என்றார் டாக்டர் பார்கவி. கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட வேண்டும். எடுத்ததைப் பரிசோதித்த பிறகுதான் கதிர்வீச்சு தேவையா என்று சொல்ல முடியும். ஆரம்பக் கட்டம் என்றால் பெரும்பாலானோர் அறுவை சிகிச்சையோடு குணமாகிவிடுவார்கள் என்றார்.

ஒரு கேள்வி எனக்குள் இருந்தது. கேட்க வெட்கமாக இருந்தது. அக்காதான் கேட்டாள்.

“மூணு மாசம் முன்னாடியே வந்திருந்தா, டாக்டர்?”

டாக்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். “இது மெதுவா வளர்ற வகை. மூணு மாசத்துல என்ன மாறிச்சுன்னு யாராலயும் சொல்ல ஆகாது. ஒண்ணும் மாறாமலும் இருக்கலாம்.”

இருக்கலாம். அந்தச் சொல்லைத்தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எனக்குக் குழம்பு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட வரவேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஏப்ரலில் அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் சேர்ந்தாள். ஒப்புதல் படிவத்தில் வீட்டு ஆள் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா பரத்திடம் வயித்துல கட்டி என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவன் எங்கோ ஏசி மாட்டிக்கொண்டிருந்தவன், உடையெல்லாம் சுண்ணாம்பு தூசியோடு வந்து வராந்தாவில் நின்றான். நர்ஸ் படிவத்தைக் கொண்டுவந்தபோது அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டரிடம் பேசியவளுக்குப் பெற்ற பிள்ளையிடம் வாய் வரவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“நீயே போய்ச் சொல்லு அவன்கிட்ட. இந்தத் தடவை ஒண்ணும் விடாம சொல்லு.”

மாடிப்படியில் அவனை உட்காரச் சொன்னேன். ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவனும் நானும் இதற்கு முன்பு தண்ணீர் வந்துவிட்டதா, மோட்டார் போட்டாயிற்றா என்பதற்கு மேல் பேசியதில்லை.

“கட்டிதானே?” என்றான்.

கட்டி இல்லை என்றேன். மருந்து வாங்கிய ரசீதின் பின்பக்கத்தில் வரைந்தேன். தலைகீழாகக் கவிழ்ந்த பேரிக்காய் போன்ற உறுப்பு, இரண்டு பக்கமும் குழாய்கள், முனையில் சினைப்பைகள். ரெக்கார்டு நோட்டில் வரைந்ததுபோலவே வந்தது. இது கருப்பை, இதன் உட்சுவரில் புற்றுநோய், இதை முழுதாக எடுக்கப் போகிறார்கள் என்றேன். புற்றுநோய் என்ற இடத்தில் அவன் கண்ணை மூடித் திறந்தான். படியில் இறங்கி வந்த ஒரு பெரியவர் நின்று தாளைப் பார்த்துவிட்டுப் போனார். காதுகள் சுட்டன. நிறுத்தவில்லை.

பரத் விரலைப் படத்தின் மேல் வைத்தான்.

“நான் இருந்த எடமா?”

“ஆமாம்.”

ரத்தம் போனதால்தான் இது தெரியவந்தது என்றேன். எப்போதிருந்து ரத்தம் போகிறது என்று கேட்டான். தீபாவளிக்கு முன்பிருந்து என்றேன்.

“டிசம்பர்லயே நீங்க ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போனீங்களே?”

ஒன்றும் விடாமல் சொல்லச் சொல்லியிருந்தாள். சொன்னேன். டாக்டர் கேட்டதை, நான் தலையாட்டியதை, மருந்துக் கடைவரை போய்த் திரும்பியதை, மாத்திரையைப் பற்றி ஐந்து நிமிடம் விளக்கியதை. யாரோ ஒரு பெண்ணின் குறிப்பைப் படித்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது என்பதையும். பரத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் திட்டவில்லை. ரசீதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எழுந்து உள்ளே போய்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டான். பேனாவை என்னிடம் தராமல் மேசைமேல் வைத்தான்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அக்கா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்கா.”

“எல்லாத்தையும்?”

“எல்லாத்தையும்.”

டிசம்பரில் கிளினிக் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு இதே பதிலை நம்பியவள். இப்போது மெதுவாகத் திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. நான் சொன்னது உண்மைதானா என்று மகனின் முகத்தைப் பார்த்தாள்.